தொடர்மாடி வீட்டுக்கு எந்தப் பிராணி: முயலா, ஆமையா, குருவியா, பூனையா?

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி. இரண்டு அறை, கடல் பக்கம் ஒரு பல்கனி. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறவர்கள், மாமி வீட்டில் இருக்கிறார், பிள்ளை மூன்றாம் வகுப்பு. பிள்ளைக்கு ஏதாவது ஒரு பிராணி வேண்டுமாம். இது என் தங்கச்சி வீடு. ஆனால் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே மாதிரி வீடுகள் எத்தனையோ. "அண்ணா, முயல் வாங்கலாமா, இல்லாட்டி அந்தக் குட்டி ஆமை வாங்கலாமா? ரெண்டும் கரைச்சல் இல்லாததுகள் எண்டு கடைக்காரர் சொல்றார்" என்று கேட்டாள்.

கடைக்காரரைக் குறை சொல்லி என்ன, விற்பது அவர் தொழில். ஆனால் அவர் சொல்லும் "கரைச்சல் இல்லை" கூட்டுக்குள் இருக்கிற இரண்டு மாதக் குட்டிக்குத்தான் பொருந்தும். முயல் எட்டு, பத்து வருடம் இருக்கும். ஆமை முப்பது வருடமும் இருக்கும்.

இணையத்தில் தேடினால் பராமரிப்புக் குறிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கிறவர்கள் எழுதியவை. பனிக்காலத்தில் கூட்டை எப்படிப் போர்த்துவது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். ஏப்ரல் மாதத்துக் கொழும்பில் மத்தியானம் இரண்டு மணிக்கு என்ன செய்வது என்று தேடினால் ஒன்றும் இராது. ஆகவே நாங்கள் ஒவ்வொரு பிராணியையும் நாலு கேள்வி வைத்துப் பார்த்தோம். இந்த வெக்கையைத் தாங்குமா? கரண்ட் போனால் என்ன ஆகும்? ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? வருத்தம் வந்தால், அந்தப் பிராணியைப் பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியர் பக்கத்தில் இருக்கிறாரா?

கரண்ட் கேள்வி சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டதும் நடந்த சங்கதிதான். பிராணிகளைப் பற்றிய கட்டுரையில் அந்தக் குரங்குக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

முயல்

முதலில் முயல், பிள்ளையின் மனம் அதில்தான் கிடந்தது.

வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்துக் காட்டு முயல். பகல் சூட்டில் நிலத்துக்கடியில் வளைக்குள் கிடந்து, விடியலிலும் மைம்மலிலும் வெளியே வந்து மேயும் சாதி. 15 முதல் 20 பாகை வரை இருந்தால் அதற்குச் சுகம். 28ஐத் தாண்டினால் திணறத் தொடங்கும். கொழும்பில் பகலில் 30, 31 பாகை வருடம் முழுக்க உண்டு, ஈரப்பதன் வேறு. முயலுக்கு வியர்க்காது. நாயைப் போல மூச்சிரைத்துச் சூட்டை இறக்கவும் அதற்குச் சரியாக வராது. காதில் ஓடும் இரத்தம் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியே விடும், சுற்றியிருக்கும் காற்றே சூடாக இருந்தால் அதுவும் வேலை செய்யாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு மத்தியான நேரம் கடைக்குப் போய்க் கூட்டுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். காதின் உட்புறம் சிவந்து இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும். மூக்கைச் சுற்றி மயிர் நனைந்து ஒட்டியிருக்கும். விலா வேகமாக ஏறி இறங்கும். வயிற்றைத் தரையோடு ஒட்டிப் பின்னங்கால்களை நீட்டிக் கிடக்கும். "பாருங்கோ, எவ்வளவு சாது" என்பார்கள். சுகமாக இருக்கிற முயலும் கால் நீட்டிப் படுக்கும்தான், ஆனால் மூக்கு நனைந்த முயல் அப்படிக் கிடந்தால் அது சூடு தாங்காமல் கிடக்கிறது.

ஏசி அறையில் வளர்க்கலாமே என்று மச்சான் கேட்டார். வளர்க்கலாம். வீட்டில் ஆட்கள் இல்லாத பகல் நேரத்தில்தான் ஏசி கட்டாயம் ஓட வேண்டும், அந்த மாதத்து மின்சார பில்லையும் நினைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி நமக்குத் தரும் குளிர்ச்சியை முயலுக்குத் தராது, ஏனென்றால் உலர்வதற்கு அதன் உடம்பில் வியர்வை இல்லை. தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்துத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைக்கலாம், குளிர்ந்த தரையோட்டில் படுக்க விடலாம். இவை ஒரு மோசமான மத்தியானத்தைக் கடத்த உதவும். ஏப்ரல் முழுவதையும் கடத்த உதவாது.

சாப்பாடு அடுத்த பிரச்சினை. முயல் என்றால் கரட் என்று படம் பார்த்துப் பழகிவிட்டோம். கரட் அதற்கு இனிப்புப் பண்டம், எப்போதாவது ஒரு துண்டு போதும். சாப்பாட்டில் நூற்றுக்கு எண்பது பங்கு புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்க வேண்டும். முன்பற்கள் வருடத்துக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர் வளரும். நார் மென்று தேயாவிட்டால் பல் கோணலாக வளர்ந்து வாயைக் கிழிக்கும், கூடவே குடலும் ஓட்டத்தை நிறுத்திவிடும். இறக்குமதியாகும் திமொத்திப் புல் கிடைக்கும்போது விலை கூட, 2022 மாதிரி டொலர் தட்டுப்பாடு வந்தால் கிடைக்கவே கிடைக்காது. ஊரில் என்றால் வேலியோரம் கினிப்புல் அறுத்துப் போடலாம். காலி வீதியோரப் புல்லில் வாகனப் புகையும் நாய் மூத்திரமும்தான் இருக்கும். கங்குன், வல்லாரை, மல்லித்தழை எல்லாம் சந்தையில் தாராளம், ஆனால் அவை புல்லுக்குப் பக்கத்துணைதான்.

வைத்தியர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முயல் 12 மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாவிட்டால் அது அவசர நிலை, "நாளைக்குப் பார்ப்பம்" என்று விட முடியாது. கொழும்பில் மிருக வைத்தியர்களுக்குக் குறைவில்லை, ஆனால் அவர்களிடம் நாளாந்தம் வருவது நாயும் பூனையும். நாய்க்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை முயலுக்கு வாய் வழியாகக் கொடுத்தால் குடல் கிருமிகளின் சமநிலை குலைந்து செத்தே போகலாம். நாயின் உண்ணிக்குப் போடும் பிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சு. ஆகவே வாங்குவதற்கு முன் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து "முயல் பார்ப்பீங்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது, அதற்கு எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "பெண் முயலுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறீங்களா?" என்று கேளுங்கள். தயங்காமல் ஓம் சொல்கிறவருக்கு முயலுக்கு எந்த மயக்கமருந்து, எவ்வளவு என்பதும் தெரிந்திருக்கும். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நாலு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வருவது சாதாரணம், ஆகவே அந்தச் சத்திரசிகிச்சை எப்படியும் தேவைப்படும்.

இன்னும் ஒன்று. முயல் கூட்டமாக வாழும் பிராணி, தனியே விட்டால் துவண்டுபோகும். இரண்டு வாங்கினால், "இரண்டும் பெண்தான்" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கினால், சினைப்பட்ட 31 ஆம் நாளளவில் குட்டிகள் பிறந்து உண்மை தெரியவரும். இத்தனைக்குப் பிறகும் அது பிள்ளையின் மடியில் இருக்க விரும்பாது. தூக்குவது அதற்குப் பருந்து தூக்குவது மாதிரி. திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம்.

நுவரெலியாவில் தோட்டத்தோடு வீடு இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். வெள்ளவத்தைக்கு வேண்டாம். "அப்ப கினிப் பன்றி?" என்று கேட்கிறவர்களுக்கும் முக்கால்வாசி இதே பதில்தான். வெக்கை அதற்கும் ஆகாது, புல் அதற்கும் வேண்டும். கூடவே மனிதரைப் போல அதன் உடம்பும் விற்றமின் சி தயாரிக்காது, தினமும் சாப்பாட்டில் கொடுக்க வேண்டும்.

ஆமை

பிளாஸ்டிக் பேசின், நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம், அதைச் சுற்றிப் பச்சை ஓட்டோடு நாலைந்து குட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. பிள்ளையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இது வட அமெரிக்க ஆற்று ஆமை, சிவப்புக்காது ஆமை என்பார்கள். வெக்கை இதற்குப் பிரச்சினையே இல்லை, நம் வெயில் இதற்குப் பிடிக்கும். முதல் கேள்வியில் முயலைவிட நன்றாகத் தேறியது.

அடுத்தவற்றில்தான் விழுந்தது. பெண் ஆமை 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும், நாம் சோறு போட்டுச் சாப்பிடும் கோப்பை அளவு. ஓட்டு நீளத்தில் ஒவ்வொரு 2.5 சென்ரிமீற்றருக்கும் 40 லீற்றர் தண்ணீர் என்று வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். வளர்ந்த ஆமைக்கு 400 லீற்றர் ஆகிறது. தொட்டியை விடுங்கள், தண்ணீர் மட்டும் 400 கிலோ. தண்ணீருக்குள்ளேயே தின்று அதற்குள்ளேயே கழிப்பதால் நல்ல வடிகட்டி இல்லாமல் நாலு நாளில் வீடு நாறும். ஏறி உலர்ந்து வெயில் காய ஓரிடமும் வேண்டும். யன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது, ஓட்டுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், ஓடு மெதுமெதுத்துப் போகும். பல்கனியில் நேர் வெயில் கிடைக்கும், ஆனால் சின்னப் பேசினை அங்கே வைத்தால் பகல் பன்னிரண்டுக்கு அது வெந்நீர்.

ஆமையைத் தொட்ட கையோடு வாயில் விரல் வைக்கிற வயதுப் பிள்ளை இருந்தால் சல்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமியையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளைச் செல்லப்பிராணியாக விற்பதை 1975 இலேயே தடை செய்ததற்குக் காரணம் அந்தக் கிருமிதான்.

ஆயுள் இருபது, முப்பது வருடம். பிள்ளை வளர்ந்து, படித்து, கலியாணம் முடித்து, கனடாவுக்கும் போன பிறகு அந்த ஆமை தங்கச்சியின் பல்கனியில் இருக்கும். "பெருத்தால் பேரை வாவியில விட்டால் போச்சு" என்று சிலர் லேசாகச் சொல்கிறார்கள். உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. விட்ட இடத்தில் பெருகி, நம் குளங்களில் ஏற்கெனவே வாழும் ஆமைகளின் சாப்பாட்டையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ஊரிலிருந்து நட்சத்திர ஆமை ஒன்று கொண்டுவந்து தரட்டுமா என்று ஒரு உறவுக்காரர் கேட்டார். அன்பான ஆள்தான். ஆனால் அது 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம், வைத்திருப்பதே குற்றம். 2019 இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. காட்டிலிருந்து பிடித்த எதையும், அணிலோ கிளிக்குஞ்சோ தேவாங்கோ, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

மீன், பூனை

மீனில் பெரிதாக எழுத ஒன்றுமில்லை, ஒரே ஒரு விஷயம்தான். கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் என்பது படத்துக்கு அழகு. தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், நன்றாகப் பார்த்தால் பதினைந்து வருடம் இருக்கும், நிறையக் கழிக்கும். கொழும்புச் சூட்டில் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, கரண்ட் போய்க் காற்றுப் பம்பும் நின்றால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஃபைட்டர் மீனுக்கோ 24 முதல் 28 பாகைதான் சுகம். அது தாய்லாந்துப் பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் வாழ்ந்த மீன், மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். 20 லீற்றர் தொட்டி, ஒரேயொரு ஆண் மீன், குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கத் துளிமருந்து, இவ்வளவுதான். தொட்டியை வைத்ததும் மீனை விடாதீர்கள். அமோனியாவைத் தின்னும் பக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு கிழமை ஆகும். ஊருக்குப் போனால் இரண்டு மூன்று நாள் பட்டினி அதற்குப் பெரிய விஷயமில்லை. முதன்முதலாகப் பிராணி வைக்கும் வீட்டுக்கு இது நல்ல தெரிவு என்பேன். பிள்ளைக்கோ, தொட முடியாதது பிராணியே இல்லை.

பூனை எனக்குப் பிடித்த தெரிவு. வெக்கையைத் தாங்கும், மின்சாரம் கேட்காது, எந்த மிருக வைத்தியருக்கும் பூனை பார்க்கத் தெரியும். காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை, கொழும்பில் ஒழுங்கைக்கு ஒரு குட்டி வீடு தேடி அலைகிறது. ஐந்தாம் மாடி என்பதால் யன்னலுக்கும் பல்கனிக்கும் வலை அடிக்க வேண்டும். பூனை விழாது என்பது வெறும் பேச்சு, குருவியைப் பார்த்தால் பாய்ந்துவிடும். ஆறு மாதத்துக்குள் கருத்தடை, விசர்நாய்க்கடித் தடுப்பூசி. பூனைக்குக் காய்ச்சல் என்று யாரும் பனடோல் கொடுத்துவிடக் கூடாது, ஒரு குளிசையே அதைக் கொன்றுவிடும்.

ஆனால் இது சைவ வீடு. பூனைக்கு டோரீன் என்ற சத்து சாப்பாட்டில் கட்டாயம் வேண்டும், அது இயற்கையில் பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, பாலும் சோறும் கொடுத்து வளர்த்தால் கண்ணும் இதயமும் பழுதாகும். "பைக்கற்றில வாற உலர் சாப்பாடு தானே, சமைக்கத் தேவையில்லை" என்று தங்கச்சி சொல்லிப் பார்த்தாள். மாமிக்கு மணம் ஒத்துவரவில்லை, வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்தில் அது வேண்டாம் என்றார். அதைப் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. பகல் முழுக்க அந்தப் பிராணியோடு இருக்கப்போகிறவர் அவர்தான், அவர் மனமும் நாலு கேள்வியோடு சேர்ந்த ஐந்தாவது கேள்வி.

குருவி

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பச்சை, மஞ்சள், நீலக் குருவிகள் பெரும்பாலும் பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை, ஆகவே நம் வெக்கை அதற்குப் புதிதல்ல. நிழலும் தண்ணீரும் இருந்தால் போதும். ஐந்து முதல் பத்து வருடம் ஆயுள். கூட்டமாகப் பறக்கும் சாதி என்பதால் குறைந்தது இரண்டு வேண்டும்.

கூட்டில் உயரத்தைவிட அகலம்தான் முக்கியம், ஏனென்றால் பட்ஜி பக்கவாட்டில் பறக்கும். இரண்டுக்கு 75 சென்ரிமீற்றர் அகலமாவது வேண்டும். கோபுரம் மாதிரியான வட்டக் கூடுகள் பார்க்க மட்டும் அழகு. கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், நாகப் பூச்சு உரியும் கம்பியைக் கொத்தினால் குருவிக்கு நஞ்சு. கொஞ்சம் விலை கூடினாலும் துருப்பிடிக்காத கம்பிக் கூடு வாங்குவது நல்லது. பல்கனியில் தொங்கவிட வேண்டாம், கொழும்புக் காகங்கள் கம்பிக்கு வெளியே இருந்து குருவியின் கால்விரலைக் கொத்தி எடுத்துவிடும். பல்கனிக் கதவுக்கு உட்புறம், வெளிச்சம் விழும் சுவரோரம்தான் சரியான இடம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் மாற்ற வேண்டும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் குருவித் தண்ணீர், பூச்சாடித் தண்ணீர் என்று பேதம் பார்க்க மாட்டார்.

தினை மட்டும் போட்டு வளர்ப்பதுதான் இங்கே வழக்கம். விதை மட்டும் தின்ற குருவிக்கு ஈரல் கொழுத்து, விற்றமின் ஏ குறைந்து, ஆயுள் பாதியாகும். கீரை, துருவிய கரட், குரக்கன் எல்லாம் கலந்து பழக்க வேண்டும். அவகாடோ மட்டும் கூடவே கூடாது. இந்தச் சாப்பாடு சைவ வீட்டு அடுப்படியில் எப்போதும் இருக்கிறது, ஆகவே மாமிக்கும் சம்மதம்.

வாங்கும்போது நெற்றியைப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருந்து, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தால் இளம் குஞ்சு, கைக்குப் பழகும். சிறகைச் சிலிர்த்து, பகலில் கூட்டின் மூலையில் கண் மூடியிருப்பதை இரக்கப்பட்டு வாங்காதீர்கள். கடைக்காரர் சும்மா தரும் மண் முட்டியும் வேண்டாம், முட்டி இருந்தால் முட்டையிடும், பிறகு குஞ்சுகளுக்கு வீடு தேடி அலைய வேண்டும். ஊருக்குப் போகும்போது கூட்டோடு பக்கத்து வீட்டில் கொடுக்கலாம். வைத்தியர் கேள்விதான் இதற்கும் இடிக்கிறது, பறவை பார்க்கத் தெரிந்தவரை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். பகல் முழுக்க மாமியோடு மட்டும் ஐந்தாம் மாடியில் நாயா? தெஹிவளையில் முற்றத்தோடு வீடு, காலையும் மாலையும் நடத்திப்போக ஆள், உண்ணி பார்க்கப் பொறுமை எல்லாம் இருந்தால் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி ஒன்றை எடுங்கள், இந்த வெயிலுக்கென்றே பிறந்தது. பதிவும் வருடாந்தத் தடுப்பூசியும் சட்டப்படி கட்டாயம், 1901 இலிருந்தே நாய்ப் பதிவுக்குக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஹஸ்கி என்ற பனிநாட்டு நாயை வாங்கப் போகிறவர்களிடம் மேலே முயலுக்குச் சொன்னதைத் திரும்ப வாசிக்கச் சொல்வேன். தொடர்மாடியில் இருப்பவர்கள் முகாமைக் குழுவின் அனுமதியை முதலில் எழுத்தில் வாங்கட்டும். வாய்ப்பேச்சில் தலையாட்டியவர்கள் நாய் குரைத்த முதல் இரவில் மாறிவிடுவார்கள்.

தங்கச்சி வீட்டில் இரண்டு பட்ஜி என்று முடிவாகியிருக்கிறது. பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்திருந்தது, இப்போது பெயர் யோசிக்கத் தொடங்கிவிட்டது. கூடு வந்தாயிற்று, குருவி இன்னும் வரவில்லை. ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் கிளம்பும் புகை, நமக்கு மணம்கூடத் தெரியாமலே, பக்கத்து அறைக் குருவியைக் கொன்றுவிடும். மாமியின் தோசைத் தாச்சி அந்தச் சாதி. இரும்புத் தாச்சி ஒன்று வாங்கிப் பழக்கி, அதில் தோசை ஒட்டாமல் வரத் தொடங்கிய பிறகுதான் குருவி என்று மாமி சொல்லியிருக்கிறார்.